மரவள்ளியில் தேமல் மறைந்தால் நோய் தீர்ந்ததா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளை நம்பி மரவள்ளி பெருமளவில் பயிராகிறது. இப்பயிருக்குப் பெருங்கேடு விளைவிப்பது தேமல் நோய். இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறிச் சுருங்கும், கிழங்கும் சிறுத்துவிடும். இந்நோயை உண்டாக்குபவை இந்திய மரவள்ளி தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ் ஆகிய இரண்டும். வெள்ளை ஈ மூலமும், நோயுற்ற விதைக்குச்சி மூலமும் இவை பரவுகின்றன.

வெயில் ஏறும்போது நோயுற்ற சில செடிகளில் புதிய இலைகள் தெளிவாக வருவதுண்டு. நோய் தீர்ந்தது என்று எண்ணி அச்செடிகளில் விதைக்குச்சி எடுப்பது நஷ்டத்தைத் தரும்.

செடியின் தற்காப்பு

வைரஸ் பெருகுவதற்கு ஆர்.என்.ஏ. என்னும் கட்டளைச் சரங்கள் தேவை. இவை இரட்டைச் சரமாக உருவாகும்போது, செடியிலுள்ள நொதிகள் அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்குகின்றன. இத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, அதே வைரஸின் மற்றச் சரங்களையும் செடி தேடி வெட்டுகிறது. இதற்கு 'ஆர்.என்.ஏ. ஒடுக்கம்' என்று பெயர். வைரஸ் தாக்கிய செடிகளில் இத்துண்டுகள் இருப்பதை இங்கிலாந்தில் ஹாமில்டன், பால்கோம்ப் ஆகிய விஞ்ஞானிகள் 1999ல் வெளியிட்டனர்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. இந்தத் தற்காப்பை முடக்கும் புரதங்களை அது உண்டாக்குகிறது. மரவள்ளி வைரஸ்களில் நடத்தி 2005ல் வெளியான ஆய்வில், வெப்பம் 25 டிகிரியிலிருந்து 30 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்ந்தபோது செடியின் தற்காப்பு வலுத்து, தேமல் குறைந்தது. எனவே வெயில் காலத்தில் இலை தெளிந்தாலும் தண்டில் வைரஸ் தங்கியிருக்கலாம். அக்குச்சியை நட்டால் புதுப்பயிரிலும் தேமல் தோன்றும்.

செய்ய வேண்டியவை

தேமல் நன்கு தெரியும் இளம் பருவத்திலேயே வயலைச் சுற்றிப் பார்த்து, நோயற்ற செடிகளுக்கு அடையாளம் கட்ட வேண்டும். அறுவடை வரை தேமல் காணாத செடிகளிலிருந்து மட்டும் விதைக்குச்சி எடுக்க வேண்டும். குச்சிகளை முதலில் நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, சுமார் 20 நாட்கள் கவனித்து, தேமல் கண்டவற்றைப் பிடுங்கி அழித்துவிட்டு, மற்றவற்றை வயலில் நடலாம். நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை.

திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்கள் தேமலை எதிர்த்து நிற்கின்றன. இவை பற்றிய விவரங்களை ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம். விதைக்குச்சியில் கவனம் செலுத்தினால் நல்ல மகசூல் பெறலாம்.