மோட்டார் வண்டியின் நாடி

தமிழ் மருத்துவர் நாடி பார்த்து, நோய் முற்றுமுன்னரே அதன் வரவை உணர்வர். மோட்டார் வண்டிக்கும் அத்தகையதொரு நாடி உண்டு. அதுவே அதன் மின்னழுத்தம். அதனை அளந்தறியும் கருவி வோல்ற்றுமானி.

1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் பிளாந்தே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை அமைத்தார். 1912இல் கடிலாக் வண்டியில் மின் ஸ்டாட்டர் பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றி எந்திரத்தை இயக்கும் வழக்கம் அதன்பின் படிப்படியாக ஒழிய, வண்டியின் இயக்கம் பற்றரியைச் சார்ந்ததாயிற்று.

இப்பற்றரியின் கலமொன்று ஏறத்தாழ 2.1 வோல்ற்று அழுத்தந் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்ததே 12 வோல்ற்றுப் பற்றரி. முழுமையாக மின்னேறிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கையில் அது 12.6 வோல்ற்றைக் காட்டும், 12.2 ஆயின் ஏறக்குறையப் பாதி மின்னேற்றமே எஞ்சியுள்ளது. 12க்குக் கீழ் இறங்கின் பெரிதும் வறிதாயிற்று எனலாம். அந்நிலையில் நெடுநாட் கிடப்பின், தகடுகளில் ஈயசல்பேற்று கடினமாக இறுகிப் பற்றரி கெடும்.

எந்திரம் ஓடும்போது ஆடலோட்டப் பிறப்பாக்கி பற்றரிக்கு மின்னேற்றும். அப்பொழுது அழுத்தம் 13.8 முதல் 14.4 வோல்ற்று வரை நிற்றல் முறை. 13க்குக் கீழ் நிற்குமாயின் பட்டி தளர்ந்திருத்தலோ பிறப்பாக்கி பழுதுற்றிருத்தலோ கூடும். 15ஐத் தாண்டின் அழுத்தச் சீராக்கி பிழைத்தது எனக் கொள்ளலாம். பற்றரியின் நீர் விரைவில் வற்றும்.

வாவி சூழ்ந்த புளியந்தீவில் மற்றுமொரு பகை உண்டு, அது உவர்க்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து பற்றரியின் முனைகளையும் செப்புக் கம்பிகளையும் அரிக்க, வெண்மையும் பசுநீலமுமான பூச்சுப் படியும். அப்பூச்சு மின்னோட்டத்துக்குத் தடையாகும். ஓட்டத்தைத் தடையாற் பெருக்க அழுத்த இழப்புப் பெறப்படும் என்பது ஓமின் விதி. தடை ஓர் ஓமில் நூறிலொரு பங்கு எனக் கொள்வோமாயின், 5 அம்பியர் கொள்ளும் விளக்குக்கு இழப்பு 0.05 வோல்ற்றே, 150 அம்பியர் கொள்ளும் ஸ்டாட்டருக்கோ 1.5 வோல்ற்று. விளக்கு ஒளிர்ந்தும் எந்திரம் எழாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். பற்றரி நலமாயிருக்கவும், அறியாதார் அதனை வீசிப் புதிதொன்று வாங்கிப் பொருள் இழப்பர்.

உண்மையை அறிய வழி எளிது. ஸ்டாட்டர் சுழலுகையில், பற்றரி முனைக்கும் அதனைப் பற்றிய பிடிக்கும் இடையே வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தல் வேண்டும். அளவு சுழியை அண்டியிருப்பின் இணைப்பு நன்று. அரை வோல்ற்றாயினும் காட்டின் அங்கேயே குற்றம். எதிர்முனைப் பிடியை முதலிற் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, இறுகப் பூட்டி வசிலீன் பூசின் குற்றம் நீங்கும். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின், அருகே தீ ஆகாது.

ஒருநாள் அளவினும் பலநாள் அளவே பெரிதும் பயன்படும். மாதமொருமுறை காலையில் அளந்து குறித்துவரின், 12.6 என்பது 12.5 ஆகி, 12.3 ஆகி இறங்குதல் கண்முன் தோன்றும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக் கல்லடிப் பாலத்தைக் கடக்கவேண்டிய வண்டி அசையாது நின்றபின் காரணத்தை ஆராய்தலாற் பயனில்லை. குறிப்பேட்டிலுள்ள அவ்விலக்கங்கள் பல வாரங்களுக்கு முன்னரே அதனை அறிவித்திருக்கும்.