கசவுக்கரையும் கணினித் திரையும்

திருவனந்தபுரத்தை அடுத்த பலராமபுரத்தில், மன்னர் பலராம வர்மா (1798–1810) காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் மரபினர் இன்றும் தறி நெய்கின்றனர். அங்குள்ள நம் வாடிக்கையாளர் ஒருவர், இணையதளம் வழியே விற்ற புடவைகள் திரும்பி வருவதாக வருந்தினார். ஓண விற்பனையை நம்பியே கடன் பெற்றவர் அவர். துணியையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். நெசவில் குறையில்லை. படத்தில் கோரா நிறம் சாம்பல் பூத்திருந்தது; கசவுக்கரை ஃபிளாஷ் ஒளியில் வெளுத்திருந்தது.

கேமராவின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகவே கணிக்கும். ஆதலால் வெண்துணி மங்குகிறது. வெளிச்ச அளவை +1 வரை உயர்த்துதல் வேண்டும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, சன்னலோரத்துப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் சரிகை பொன்னாகவே தோன்றும். மேகமூட்டமான பகல் மிக உகந்தது. இவ்வூரில் அதற்குப் பஞ்சமில்லை! வெள்ளைத் தாள் ஒன்றைக் காட்டி வண்ணச் சமநிலையை முதலில் நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

4000×3000 புள்ளிகள் கொண்ட படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும். 1200 புள்ளி அகலமுள்ள ஜேபெக் கோப்பு பெரும்பாலும் போதும்.

வடிவமைப்பாளரிடம் படங்களுடன் ஒரு துண்டுத் துணியையும் கொடுத்தனுப்புமாறு கூறினோம். திரையில் நிறம் திருத்துபவர் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி ஏது?