இரும்புச் சட்டியில் சாம்பிராணி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் சாம்பிராணி போடுவது சாமளாபுரம் பக்கம் பழகிய வழக்கம். அதற்குத் தூபக்கால் இல்லாமல் வார்ப்பிரும்புச் சட்டி வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. பூசையறையில் இரும்பு ஆகாது என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். கருப்பராயன் கையில் இருக்கும் அரிவாள் இரும்புதானே! மேலைநாடுகளில் விக்கா வழிபாட்டுக்காரர்களும் மூன்று கால் வைத்த இரும்புக் கொப்பரையைப் பீடத்தில் வைத்து அதில் தூபம் இடுவதுண்டு.

ஒரே நிபந்தனை, சட்டியை வைத்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. மாரியம்மன் நோன்பில் பூவோடு எடுப்பவர்கள் வேப்பிலையை அடியில் கொடுத்து, எரிகிற சட்டியைக் கையில் ஏந்திவருகிறார்கள். அது மண்சட்டி. மண் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இரும்பு பல மடங்கு வேகமாகக் கடத்தும். தணல் அவிந்த பிறகும் நெடுநேரம் சுடும். கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் புகை காட்ட வேண்டுமென்றால் கைப்பிடி வைத்த தூபக்காலே நல்லது.

சட்டிக்குள் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள். ஈர மணல் சூட்டில் தெறிக்கும். சட்டியைச் செங்கல்மேல் வையுங்கள்; மரப்பலகையிலோ டைல்ஸிலோ நேரே வைக்காதீர்கள். கொட்டாங்குச்சிக் கரி புகையில்லாமல் நின்று எரியும். கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகு சாம்பிராணியைத் தூவினால் மணம் வரும். அதற்கு முன் தூவினால் கண்ணைக் கரிக்கும் புகைதான். சாம்பிராணி ஒரு மரப்பிசின், கொஞ்சம் போதும். கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு கரித்தணல் வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

புதுச் சட்டியை வடிகஞ்சியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து நல்லெண்ணெய் பூசுங்கள். தணல் இட இட அந்த எண்ணெய்ப் படலம் எரிந்துபோகும் என்பதால் அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். சாம்பலை அப்படியே விட்டுவைத்தால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துத் துருவேறும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம், பிசின் வாடை போகாது.

தறிக்கூடத்தில் இன்னும் கவனம் தேவை. தறிக்கு அடியிலும் சுவரோரத்திலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசிக்கு ஒரு பொறி போதும். முதலில் கூட்டிப் பெருக்குங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சட்டியை வாசலோரமாக வையுங்கள். பூசை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சி தாங்காது, பிளந்துவிடும். மணலைக் கொட்டி மூடுங்கள், அல்லது கனமான மூடி போடுங்கள். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால் மட்டும் கரியைக் கொட்டுங்கள். கழிவுப் பஞ்சு மூட்டை இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.