பாட்டுக்கும் உண்டு அடையாள எண்

பெரிய நிறுவனம் எதையும் சாராமல் தாமே பாடிப் பதிவுசெய்து வெளியிடும் சுயாதீன இசைக்கலைஞரின் பாடலை, இணையச் சேவைகளில் குவிந்து கிடக்கும் பிற பாடல்களிலிருந்து பிரித்தறிய அதன் தலைப்பு உதவாது. ஒரே தலைப்பில் பல பாடல்கள் இருக்கக்கூடும் என்பதால், அந்த வேலையை எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளே செய்கின்றன.

அவற்றுள் முதன்மையானது ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் ஒலிப்பதிவுக் குறியீடு. 1986-இல் ஐ.எஸ்.ஓ. 3901 என்னும் பன்னாட்டுத் தரநிலையாக வெளிவந்த இது 12 இடங்களைக் கொண்டது: முதல் ஐந்தும் குறியீடு வழங்கும் தகுதி பெற்றவரையும், அடுத்த இரண்டும் ஆண்டையும், எஞ்சிய ஐந்தும் வரிசை எண்ணையும் குறிக்கின்றன. அந்த ஆண்டு, பாடல் பதிவான ஆண்டன்று, குறியீடு வழங்கப்பட்ட ஆண்டு. இதை அறியாதவர்கள் பழைய பாடலில் புதிய ஆண்டைக் கண்டு குழம்புவதுண்டு. முதலிரு எழுத்துகள் முன்பு நாட்டைச் சுட்டின. இன்று அவற்றைக் கொண்டு பாடலின் பிறப்பிடத்தை முடிவுசெய்ய இயலாது.

இக்குறியீடு ஒலிப்பதிவுக்கு உரியதே அன்றி மெட்டுக்கோ வரிகளுக்கோ உரியதன்று. ஆகவே ஒரே பாடலின் மேடைப் பதிவுக்கும், வேறு வாத்தியங்களோடு மீளக் கலந்த பதிவுக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். மெட்டும் வரிகளும் சேர்ந்த ஆக்கத்துக்கோ ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற வேறு எண் உண்டு. அவ்வகையின் முதல் எண் அபா குழுவின் ‘டான்சிங் குவீன்’ பாடலுக்கு வழங்கப்பட்டது. பல பாடல்கள் அடங்கிய தொகுப்பாயினும் ஒற்றைப் பாடலாயினும், முழு வெளியீட்டையும் அடையாளம் காட்டுவது கடைப்பொருள்களில் காணும் பட்டைக்குறி எண்ணான யு.பி.சி.

இந்தியாவில் ஐ.எஸ்.ஆர்.சி. முகமையாக இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்ற அமைப்பு செயல்படுகிறது; எனினும் பாடலை இணையத்தில் ஏற்றும் விநியோகச் சேவைகள் பலவும் தாமே குறியீட்டை வழங்கிவிடுவதால், அது தமக்குரிய பொருள் என்பதையே பல கலைஞர்கள் மறந்துவிடுகின்றனர். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய குறியீட்டைத் தராமல் புதிதாக ஒன்றைப் பெற்றால், அதே பதிவு வேறொன்றாகக் கருதப்பட்டு, அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை தொடராமல் போகக்கூடும். உரிமையாளரே மாறினாலும் பதிவுக்கு ஒருமுறை தரப்பட்ட குறியீடு மாறுவதில்லை என்பதே விதி. அதே வேளையில் அது அடையாளம் மட்டுமே, பதிப்புரிமைச் சான்றன்று.

பழைய விநியோகக் கணக்கை மூடுவதற்கு முன், ஒவ்வொரு பாடலுக்கும் உரிய 12 இடங்களையும் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது கலைஞர்களுக்கு நலம்.