காரின் துணைப் பம்பு ஓடாதபோது

கோடைக்கால நண்பகலில், மூடியிருக்கும் ரயில்வே கேட்டின் முன் ஒரு ஹைப்ரிட் கார் நிற்கிறது. அதன் பெட்ரோல் எஞ்சின் தானாகவே ஓய்ந்துவிட்டது; உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு வண்டி முழுவதும் உறங்குவதாகத் தோன்றும். உண்மையில் முன்மூடியின் அடியில், உள்ளங்கையில் ஏந்தத்தக்க அளவுள்ள ஒரு மின்சாரப் பம்பு குளிர்நீரைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோனால் சிறிது நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டியின் ஆற்றல் குன்றும். சில வேளைகளில் வண்டி நகரவே மறுக்கும். பெருந்தொகை பெறும் இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று அவசரமாக முடிவு கட்டுபவர்களும் உண்டு. கோளாறோ ஒரு ப்யூஸிலோ, பச்சை பூத்த ஓர் இணைப்பிலோ, பம்பிலோ இருக்கக்கூடும்.

பழைய மோட்டார் வண்டிகளில் நீர்ப் பம்பை எஞ்சினே பெல்ட்டின் மூலம் ஓட்டி வந்தது. எஞ்சின் நின்றால் நீரோட்டமும் நிற்கும். புதிதாகச் சூடு உண்டாவதில்லை ஆதலால் அந்த ஏற்பாடு போதுமாயிருந்தது. டர்போ பூட்டிய எஞ்சின்களில் நிலைமை வேறு. எஞ்சினை நிறுத்திய பின்னும் டர்போவின் சூடு அதன் தாங்கியை நோக்கிப் பரவி, அங்குள்ள எண்ணெயைக் கரியாக்கக்கூடும். இதனால் பல கார்களில் எஞ்சின் நின்ற பின்னரும் ஒரு துணைப் பம்பு சில நிமிடங்கள் ஓடும். வண்டியை நிறுத்திய பின் முன்புறத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டால் அதைக் கோளாறு என்று கொள்ளவேண்டியதில்லை.

ஹைப்ரிட் காரில் துணைப் பம்பின் பணி இன்னும் முக்கியமானது. பாட்டரியின் நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மாறு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் ஆற்றல் மிகுந்த டிரான்சிஸ்டர்கள் உள்ளன. எஞ்சினின் குளிர்நீர் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் இருப்பது; அந்த நீர் இன்வெர்ட்டருக்கு ஏற்றதன்று. எனவே 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் முதலாக, இவ்வகைக் கார்களில் இன்வெர்ட்டருக்கென்று ஒரு தனி நீர்ச்சுற்று அமைப்பது வழக்கமாயிற்று. அதை இயக்குவது 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் இச்சிறு பம்பே.

நீரோட்டத்தின் அருமையை ஒரு கணக்கால் விளக்கலாம். இன்வெர்ட்டரில் 2 கிலோவாட் சூடு உண்டாகிறது என்றும், நிமிடத்துக்கு 10 லிட்டர் நீர் பாய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் இன்வெர்ட்டரைக் கடக்கும் நீரின் சூடு ஏறக்குறைய 3 டிகிரிதான் உயரும். நீரோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே சூடு ஏறக்குறைய 29 டிகிரி உயர்வை உண்டாக்கும். நீரோட்டம் அறவே நின்றால் இக்கணக்குக்கே இடமில்லை. டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிடாதபடி கட்டுப்பாட்டுக் கருவியே வண்டியின் ஆற்றலைக் குறைக்கிறது. அப்போது அதன் நினைவில் பதியும் குறியீடுகளுள் ஒன்று ‘பி0ஏ93’. இன்வெர்ட்டரின் குளிர்விப்பு சரியாக நடைபெறவில்லை என்பது அதன் பொருள். பம்பு கெட்டது என்று அது கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சோதனையைத் தொடங்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் உயிரைப் பறிக்கத்தக்க மின்னழுத்தம் இருக்கும். பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு எவரும் அவற்றைத் தொடலாகாது. சூடாக இருக்கும்போது குளிர்நீர்க் கலத்தின் மூடியைத் திறத்தலும் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருக்கும்; மூடி திறந்ததும் அழுத்தம் நீங்கி, நொடியில் கொதித்து முகத்தில் பாயும்.

முதற் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வண்டி குளிர்ந்த நிலையில் இன்வெர்ட்டரின் நீர்க்கலத்தைத் திறந்து மட்டத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைப் புறப்படத் தயாரான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிரியஸின் இரண்டாம் தலைமுறை வண்டிகளில் அப்போதே பம்பு ஓடத் தொடங்கும். நீரின் மேற்பரப்பு சலசலக்கும். மேற்பரப்பு குளத்து நீர்போல் அசையாதிருந்தால் நீரோட்டம் இல்லை. ஆயினும் பிற்காலக் கார்கள் பலவற்றில் தேவையானபோது மட்டுமே பம்பு ஓடும். அவற்றில் சோதனைக் கருவியைக் கொண்டு பம்புக்கு ஆணையிட்டே பார்க்க வேண்டும். இந்நிலையில் எஞ்சினும் விசிறியும் எந்த நொடியிலும் தாமாகக் கிளம்பக்கூடும் என்பதால் கையையும் ஆடையையும் விலக்கி வைத்தல் அவசியம்.

பம்பு ஓடவில்லையென்றால் முதலில் ப்யூஸையும் ரிலேயையும் பார்ப்பது முறை. ப்யூஸ் எரிந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு நில்லாமல், அது ஏன் எரிந்தது என்று கேட்க வேண்டும். பம்பின் உள்ளே கசிந்த நீர் மின் இணைப்பை அடைந்து உப்புப் பூத்திருந்தால் அடுத்த ப்யூஸும் எரியும்.

அதன்பின் வருவது வோல்ட்மானி. அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இதுவே. இணைப்பைக் கழற்றிக் கம்பியின் முனையில் அளந்தால் 12 வோல்ட் காட்டும். மின்சாரம் வருகிறது, ஆகவே பம்புதான் கெட்டது என்று முடிவு செய்து புதிய பம்பை வாங்கிப் பொருத்துவர். அதுவும் ஓடாது. வோல்ட்மானி மிகச் சொற்ப மின்னோட்டத்தையே இழுப்பதால், துருவேறிய இணைப்பின் தடை அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பம்பு 3 ஆம்பியர் இழுப்பதாயின், தொடக்கத்தில் அதன் தடை 4 ஓம் என்று கொள்ளலாம். வழியில் 1 ஓம் தடை புகுந்தால் பம்புக்குக் கிடைப்பது 9.6 வோல்ட், 4 ஓம் புகுந்தால் 6 வோல்ட்தான். எனவே இணைப்பைக் கழற்றாமல், பம்பு சுமையாக நிற்கும்போதே அளக்க வேண்டும். பூமி இணைப்பையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். 12 வோல்ட் பாட்டரி ஒன்றுடன் 10 ஓம், 10 வாட் தடை ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் மறுமுனையில் வோல்ட்மானியை வைத்தால் முழு 12 வோல்ட் தெரியும். அங்கே காரில் பயன்படும் 21 வாட் பல்பை இணைத்ததும் வோல்ட்மானி பாதிக்கும் கீழே சரியும். பல்பு மங்கலாகவே ஒளிரும். தடை சூடாகும், தொடலாகாது. பட்டறையில் இதே பல்பு இரண்டு கம்பி உள்ள பம்பின் இணைப்பைச் சோதிக்கப் பயன்படும். மூன்று அல்லது நான்கு கம்பிகள் உள்ள பம்புகளில் ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைகைக் கம்பி. அதில் பல்பைப் பொருத்தினாலும், 12 வோல்ட்டை நேரே கொடுத்தாலும் கட்டுப்பாட்டுக் கருவியே பழுதாகலாம்.

மின்சாரம் சரியாக இருந்தால் ஆம்பியர்மானி எஞ்சியதைச் சொல்லும். மின்னோட்டமே இல்லையெனில் பம்பின் உட்சுற்று அறுந்திருக்கிறது. வழக்கத்துக்கும் குறைவாக இழுத்தால் பம்பு நீரின்றிக் காற்றில் சுழல்கிறது. பிரஷ் உள்ள மோட்டார் சிக்கிக்கொண்டால் மிகுதியாக இழுக்கும். பிரஷ் இல்லாத வகையோ தானே நின்று, இடைவிட்டு மீண்டும் மீண்டும் முயலும்.

பம்பு ஓடியும் நீர் ஓடாதது உண்டு. ரேடியேட்டரையோ குழாயையோ மாற்றிய பின் உள்ளே தங்கிய காற்றே பெரும்பாலும் இதற்குக் காரணம். தயாரிப்பாளர் குறித்துள்ள கலவையை மெல்ல ஊற்றி, காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்து, குமிழி நிற்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். இப்பம்புகள் பலவற்றின் தாங்கிகளுக்கு அந்நீரே மசகு. வெறுமையாக நெடுநேரம் ஓட்டிச் சோதித்தால் நல்ல பம்பும் கெட்டுவிடும். கிணற்று நீரை ஊற்றினால் அதன் உப்பு இன்வெர்ட்டரின் நுண்ணிய நீர்வழிகளில் படியும்.

பழுது நீக்கியபின் குறியீட்டை அழித்து வண்டியை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மறுநாள் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, நீரின் மட்டத்தை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. குழாய்களில் எஞ்சிய காற்று வெளியேறி, மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கக்கூடும்.