லினக்ஸ் கணினியில் பி.டி.எஃப் படிவங்களை நிரப்புதலும் சேமித்தலும்: சிவகாசி வட்டார ஊர்ப்பெயர்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பி.டி.எஃப் படிவம், லினக்ஸ், ஒருங்குறி, எழுத்துரு, சிவகாசி

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசுத் தொழில் உரிமங்களைச் சார்ந்தே நடைபெறுகிறது. வெடிபொருள் விதிகள், 2008 இதற்கெனப் படிவங்களை வகுத்துள்ளது. நிலம், வருவாய் தொடர்பான ஆவணங்கள் தமிழில் அமைவதால், ஊர்ப்பெயரைத் தமிழில் நிரப்பும் தேவையும் எழுகிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் வழியாக மாணவர் இல்லங்களை எட்டியது. இத்தகைய கணினியில் நிரப்பிய படிவம், நிரப்பியவர் திரையில் சரியாகத் தோன்றினும் பெறுநரிடம் வெறுமையாகவோ சிதைந்தோ சேர்வதுண்டு. அதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

படிவத்தின் இருவகை

பி.டி.எஃப் படிவங்கள் அக்ரோஃபார்ம், எக்ஸ்.எஃப்.ஏ என இருவகைப்படும். முன்னது 1996-இல் பி.டி.எஃப் 1.2 பதிப்புடன் வந்தது. எவின்ஸ், ஓகுலர் ஆகிய லினக்ஸ் மென்பொருள்கள் அதனைக் கையாளுகின்றன. பின்னது அடோபி மென்பொருளைச் சார்ந்தது. பிறவற்றில் திறந்தால் ‘காத்திருக்கவும்’ என்னும் பொருளுடைய ஆங்கில அறிவிப்பு மட்டுமே தோன்றுவதுண்டு. லினக்ஸுக்கான அடோபி ரீடர் 2013-இல் வெளிவந்த 9.5.5 பதிப்புடன் நின்றுவிட்டது. 2017-இல் வெளியான பி.டி.எஃப் 2.0 தரம் எக்ஸ்.எஃப்.ஏ வகையைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. எனினும் பழைய படிவங்கள் புழக்கத்தில் உள்ளன. 2021-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 93 முதல் இவ்வகைப் படிவங்களையும் அவ்வுலாவியில் நிரப்ப இயல்கிறது.

மதிப்பும் தோற்றமும்

அக்ரோஃபார்ம் படிவத்தின் ஒவ்வொரு புலத்திலும் மதிப்பு, தோற்றம் என இரு கூறுகள் உள்ளன. மதிப்பு என்பது தட்டச்சிட்ட எழுத்துத்தொடர். தோற்றம் என்பது அத்தொடர் பக்கத்தில் வரையப்பட்ட வடிவம். இரண்டும் அதே கோப்பினுள் பதிந்தால்தான் படிவம் முழுமையாகச் சேமிக்கப்பட்டதாகும். 2017 இறுதியில் வந்த 1.3 பதிப்புக்கு முன்னர், ஓகுலர் நிரப்பிய விவரங்களைப் பயனரின் கணினியில் தனிக்கோப்பாக வைத்தது. எனவே அதே கணினியில் மீண்டும் திறந்தால் விவரங்கள் தெரியும். மூலக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் வெற்றுப் படிவமே சென்று சேரும்.

தமிழுக்குரிய சிக்கல்

புலத்திற்கு ஹெல்வெட்டிகா போன்ற எழுத்துரு குறிக்கப்பட்டிருந்தால், அதில் தமிழ் வடிவங்கள் இரா. மதிப்பு ஒருங்குறியில் சரியாகப் பதிந்தாலும், தோற்றத்தில் எழுத்துகள் மறையலாம் அல்லது கட்டங்களாக மாறலாம். தமிழ் எழுத்துருவைப் பொதிந்தால் மட்டும் இச்சிக்கல் முற்றிலும் தீராது. எழுத்துகளை முறைப்படுத்திக் கோக்கும் திறனும் மென்பொருளுக்கு வேண்டும்.

‘வெம்பக்கோட்டை’ என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. ஏழு எழுத்துகள் கொண்ட இப்பெயர் ஒருங்குறியில் 13 குறியீடுகளாகப் பதிகிறது. ‘வெ’, ‘டை’ ஆகியவற்றில் மெய்க்குப் பின்னர்ப் பதியும் உயிர்க்குறி, மெய்க்கு முன்னர் வரையப்பட வேண்டும். ‘கோ’ என்பதிலோ ஒரே குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். கோக்கும் திறனற்ற மென்பொருள் இக்குறிகளை இடம் மாற்றிக் காட்டும். ‘சிவகாசி’ என்னும் சொல்லிலோ குறிகள் யாவும் மெய்க்கு வலப்புறமே அமைவதால் இக்குறை வெளிப்படாது. ஆகவே சிவகாசி எனத் தட்டச்சிட்டுச் சோதித்து நிறைவுறுவது போதாது.

சரிபார்க்கும் முறை

சேமித்த கோப்பை மூடி, வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தல் வேண்டும். புலத்தின் எழுத்துகளை நகலெடுத்து உரைத்தொகுப்பியில் ஒட்டினால், மதிப்பு சரியா என்பது தெரியவரும். மதிப்பு சரியாக இருந்து தோற்றம் மட்டும் சிதைந்தால், கோக்கும் திறனுள்ள மென்பொருளில் திறந்து, தோற்றம் சரியானபின் ‘கோப்பாக அச்சிடு’ வழியில் புதிய பி.டி.எஃப் ஆக்கலாம். மனிதர் படிக்கும் படிவத்திற்கு இது போதும். ஆனால் அச்சிட்ட கோப்பில் நிரப்புபுலங்கள் எஞ்சுவதில்லை. புல மதிப்புகளைக் கணினியே வாசிக்கும் அலுவலகத்திற்கு அது பயன்படாது.

முடிவுரை

திரையில் தெரிவது சேமிப்புக்குச் சான்றாகாது. படிவத்தின் வகை, விவரம் பதியும் இடம், எழுத்துருவும் கோப்பும் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தால் பிழையின் மூலம் புலப்படும். எழுத்துருத் தேர்வு படிவத்தை ஆக்குவோரின் கையில் உள்ளது. தமிழ் ஊர்ப்பெயர்களை இட்டுச் சோதித்த பின்னரே அவர்கள் படிவங்களை வெளியிடுதல் தகும்.