குழந்தைகளுக்கான கருப்பொருள் வெளிகள்: அமைப்பும் நகர்வும் திணைக் கோட்பாட்டு நோக்கில்

முன்னுரை

புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் குழந்தைகளுக்கென ஒரு தனி வெளியை அமைக்க முனைவோர்க்கு ஐந்திணை இயல்பாகத் தோன்றும் பொருளாகும். ஆயின், சுவரில் மலையையும் மயிலையும் வரைந்து பெயர்ப்பலகை மாட்டுவதால் மட்டும் ஓர் அறை குறிஞ்சியாகிவிடாது. ஒரு பொருளை மையமாகக் கொண்ட இடத்தைக் குறிக்க இன்றைய தமிழ் ‘கருப்பொருள்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்திலோ கருப்பொருள் மூன்றனுள் ஒன்று மட்டுமே. நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் குழந்தைகளுக்கான வெளியை மதிப்பிடும் அளவுகோலாக அமையக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லையும் வழியும்

முதற்பொருளைத் திட்டமிட்டு உருவாக்கியதற்கு டிஸ்னிலாந்து தக்க சான்றாகும். இப்பூங்கா கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அதனைச் சூழ மண்மேடு எழுப்பப்பட்டு, அதன்மேல் ரயில்பாதை அமைக்கப்பட்டது. இதனால் வெளியுலகம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. முதன்மை வாயிலில் நுழைவோர் அம்மேட்டின் அடியிலுள்ள குகைவழியைக் கடந்து ஒரே நேர்த்தெருவை அடைகின்றனர். தெருவின் முடிவில் ஒரு வட்டத் திடல் உள்ளது. அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பல பகுதிகளுக்கு வழிகள் பிரிகின்றன. திடலுக்கு அப்பால் நிற்கும் 77 அடி உயரக் கோட்டை தெருவிலிருந்தே தெரிகிறது. ஆகவே, எழுத்தறியாக் குழந்தையும் செல்லும் திசையை உணர்கிறது. ஒரு பகுதியைக் கண்டபின் திடலுக்குத் திரும்பி வேறொன்றைத் தேரலாம். எல்லை, வாயில், மையம், தொலைக்குறி ஆகிய நான்கும் அலங்காரத்திற்கு முன்பே அந்நிலத்தைத் தனியுலகாக்கிவிடுகின்றன. எனினும், அங்குள்ள பல காட்சிகளில் குழந்தை ஊர்தியில் அமர்ந்து காண்பதோடு நின்றுவிடுகிறது.

செயலுக்கு இடம்

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வடிவமைப்பாளர் கோர் இயன் கீ உருவாக்கிய டிராகன் விளையாட்டுத்திடல் இதற்கு மாறானது. தோ பாயோவில் 1979-இல் அமைக்கப்பட்ட இத்திடலில் டிராகனின் தலை ஓடுகள் பதித்துக் கட்டப்பட்டது. முதுகெலும்பு இரும்பு வளையங்களால் ஆனது. அடியில் மணல் பரப்பப்பட்டது. இங்கு முறைப்படுத்திய வழி ஏதுமில்லை. முதுகில் ஏறலாம், தலையிலிருந்து சறுக்கலாம், மணலில் அமர்ந்து தனியே விளையாடலாம். டிராகன் இங்குப் பார்க்கும் உருவமாக மட்டும் நில்லாமல் குழந்தையின் செயலுக்குக் களமாகிறது. வளர்ந்த குழந்தை ஏறும் இடத்தையும் சிறு குழந்தை அமரும் இடத்தையும் பெற்றோர் ஒரே பார்வையில் கண்காணிக்கவும் முடிகிறது.

திணைவெளியும் தமிழ்ப் பள்ளியும்

இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், திணைவெளி அமைப்போர்க்கு மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவதாக, நிலப் பகுதிகள் ஒரு மையத்திலிருந்து பிரிந்து மையத்திற்கே திரும்புதல் நலம். முட்டுச்சந்தாக முடியும் மூலைகளில் குழந்தைகள் நெரிசலுறுவர். ஓடியாடும் பகுதியும் கதை கேட்கும் பகுதியும் அடுத்தடுத்து அமைதல் கூடாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு நிலத்திலும் குழந்தை செய்வதற்கு ஒரு செயல் வேண்டும். அகத்திணை உரிப்பொருள்களாகிய புணர்தல் முதலியன சிறார்க்குரியன அல்ல. அவற்றின் இடத்தில் அந்நிலத் தொழில்களைக் கொள்ளலாம்: பரணில் ஏறித் தினைப்புனம் காத்தல், ஆநிரை மேய்த்தல், நாற்று நடுதல், வலை வீசுதல். இலக்கணம் இவற்றை உரிப்பொருளாகக் கூறவில்லை. இது வடிவமைப்பிற்கான தழுவலே.

மூன்றாவதாக, பாலைக்கு ஐந்தாவது அறை தேவையில்லை. தொல்காப்பியம் பாலையை நடுவுநிலைத் திணை என்கிறது. அதற்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. எனவே, அவ்விரு பகுதிகளுக்கும் இடைப்பட்ட வழியையே பாலையாக்கலாம். நிழலற்ற ஒளியும் வெறுமையான தரையும் அதற்குப் போதும். பிரிந்து செல்வோர் கடக்கும் நிலத்தைக் குழந்தையும் கடந்தே அடுத்த நிலத்தை அடையும்.

முடிவுரை

பல பள்ளிகள் இரவல் வகுப்பறைகளில் இயங்குகின்றன. அமைத்தவற்றை அன்றே அகற்ற நேரும். துணித்திரைகள், பாய்கள், விளக்குகள், சில கருவிகள் ஆகியவற்றைக் கொண்டே மேற்கண்ட அமைப்பை உருவாக்க இயலும். பெருஞ்செலவைக் காட்டிலும் திட்டமிடலே இதற்கு இன்றியமையாதது. படங்களை மட்டும் காணும் குழந்தைக்குத் தமிழ் பெயர்ச்சொற்களின் பட்டியலாகவே எஞ்சும். ஏறவும் நடவும் வீசவும் கடக்கவும் இடம்பெறும் குழந்தை வினைச்சொற்களைத் தேவை கருதியே பேசும். வீட்டிற்கு வெளியே தமிழ் கேட்க வாய்ப்பரிய நாடுகளில், வாரத்தில் சில மணி நேரமே கிட்டும் அவ்வெளியின் அமைப்பு மொழிக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.